2013 மாடல் பொலேரோ பிக்கப், என்ன விலைக்குப் போகும்?

தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பா பெயரில் 2013 மாடல் பொலேரோ பிக்கப் இருக்கிறது. நாங்கள்தான் முதல் ஓனர். தக்காளி, வெங்காய லோடு ஓட்டினோம். அப்பாவுக்கு மூட்டுவலி, இனி ஓட்ட முடியாது. எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்று தருகிற சான்று) முடிய 25 நாள் இருக்கிறது, இன்சூரன்ஸ் இன்னும் 8 மாதம். பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, கிளட்ச் கொஞ்சம் வழுக்குகிறது. ஊர் புரோக்கர் 2 லட்சத்து 10 ஆயிரம் என்கிறார். ஆன்லைனில் இதே மாடலுக்கு நாலேகால் வரை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?"

இரண்டையும் நம்ப வேண்டாம் தம்பி. ஆனால் புரோக்கர் சொன்ன எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. அதைக் கடைசியில் பிரித்துக் காட்டுகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பதினெட்டு வருடம் பிக்கப் ஓட்டியவன் நான். சொந்தமாக வாங்கி விற்றது போக, தெரிந்தவர்களுக்குப் பார்த்துக் கொடுத்த வண்டிகளும் கொஞ்சம் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரை வாங்க வருகிறவர் மாடலைப் பார்ப்பார், கலரைப் பார்ப்பார். பிக்கப் வாங்க வருகிறவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த வண்டி நாளைக்குக் காலையில் லோடு ஏற்றுமா? ஏற்றாது என்றால், ஏற்ற வைக்க எவ்வளவு செலவு, எத்தனை நாள் வண்டி சும்மா நிற்கும்? அவர் மனதில் ஓடும் கணக்கு இவ்வளவுதான். அதே கணக்கை அவருக்கு முன்னால் நீங்கள் போட்டு வைத்துக்கொண்டால் விலை உங்கள் கையில் இருக்கும்.

வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று தேய்மானம் கழிக்கிற கணக்கு இங்கே உதவாது. இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தேய்மான அட்டவணையே ஐந்து வருடம் வரைக்கும்தான், அதிகபட்சம் 50 சதவீதம். அதற்குப் பிறகு இரு தரப்பும் பேசி முடிவு செய்து கொள்ளும் மதிப்புதான். பத்து வருடம் தாண்டிய பிக்கப்பின் விலை வருடத்தோடு சீராக இறங்குவதும் இல்லை. ஓட்டத்தில் இருக்கிற வண்டி ஒரு விலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2012-க்கும் 2014-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசமெல்லாம் எஃப்சியிலும் சேஸ் என்கிற அடிச்சட்டத்திலும்தான்.

அடிப்படை விலையைப் பிடிப்பது எப்படி? ஆன்லைனில் போட்டிருப்பதெல்லாம் கேட்கிற விலை, விற்ற விலை கிடையாது. நாலேகால் போட்ட அந்த வண்டி எத்தனை நாளாக அங்கேயே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் அந்த விலைக்கு யாரும் வரவில்லை என்று அர்த்தம். நாலைந்து பேருக்கு வாங்குகிறவர் மாதிரியே போன் போடுங்கள். "எஃப்சி எதுவரைக்கும்? கடைசி விலை என்ன?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். போனிலேயே முப்பது நாற்பதாயிரம் இறங்குவார்கள், நேரில் இன்னும் இறங்கும். அப்புறம் உங்கள் மார்க்கெட்டில் கடந்த ஆறு மாதத்தில் இதே வண்டி வாங்கின டிரைவர் யாராவது இருப்பார். அவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் நிஜ விலை தெரிந்துவிடும். அந்த ஒரு டீ பத்து விளம்பரத்துக்குச் சமம்.

2025 செப்டம்பருக்கு முந்தைய விலையை ஆதாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாதம் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஷோரூமில் 10 லட்சம் இருந்த வண்டி, வரிக் குறைப்பு முழுவதையும் கொடுத்தால், 9 லட்சத்து 22 ஆயிரத்துக்கு வந்துவிடும். புது வண்டி எண்பதாயிரம் இறங்கினால் பழைய வண்டியும் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். நாலைந்து வருட வண்டிகளுக்கு இந்த அடி பலம். உங்கள் வண்டியைப் போலப் பழைய வண்டி வாங்குகிறவர் எப்படியும் புது வண்டி வாங்கப் போவதில்லை, அதனால் உங்களுக்கு அடி குறைவு. ஆனால் பேரத்தில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்.

இப்போது எஃப்சி. பாதி விலை இதில்தான் இருக்கிறது.

சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி. எட்டு தாண்டினால் வருடா வருடம். உங்கள் வண்டிக்கு வருடா வருடம்தான். அதாவது 10 மாதம் எஃப்சி உள்ள வண்டியை வாங்குகிறவர் 10 மாதம் கவலையில்லாமல் ஓட்டலாம். 25 நாள் உள்ள வண்டியை வாங்குகிறவர், பெயர் மாற்றம் முடிவதற்குள்ளேயே பட்டறையில் நிறுத்த வேண்டும். எஃப்சி என்றால் அலுவலகக் கட்டணம் மட்டுமா? டிங்கரிங், பட்டி பார்த்துப் பெயிண்ட், பிரேக், லைட், ஒளிரும் பட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மொட்டை டயர் இருந்தால் டயர் என்று வரிசையாக வரும். வண்டியின் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. 15 வருடம் தாண்டினால் கட்டணம் மட்டுமே ஆயிரங்களில் போகிறது. உங்கள் வண்டிக்கு 2028-ல் 15 வயது. வாங்க வருகிறவர் அதையும் எடுத்துப் போடுவார், தயாராக இருங்கள்.

"15 வருடம் ஆனால் வண்டியை உடைக்கச் சொல்லிவிடுவார்கள்" என்று ஒரு பேச்சும் வரும். டீசல் வண்டிக்கு 10 வருடம் என்ற கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் முடிந்தால் பதிவு போகும் என்பது அரசு வண்டிகளுக்கு. தமிழ்நாட்டில் தனியார் வண்டி எஃப்சியில் தேறுகிற வரை ஓடலாம். விலையைக் குறைப்பதற்காகச் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எஃப்சி எடுத்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா? இதில் என் கருத்து உறுதியானது: எடுத்துவிட்டு விற்பது நல்லது, முடியாவிட்டால் செலவையாவது எழுத்தில் வைத்திருங்கள். காரணம் இதுதான். தெரிந்த செலவை வாங்குகிறவர் அப்படியே கழிப்பார். தெரியாத செலவை இரண்டு மடங்காகக் கழிப்பார். 45 ஆயிரத்தில் முடிகிற எஃப்சி வேலையை அவர் மனதில் எண்பது, தொண்ணூறு என்று போட்டுக்கொள்வார். அதில் தப்பும் இல்லை. சேஸில் என்ன இருக்கிறதோ, பாடித் தரையைப் பிரித்தால் என்ன வருமோ என்ற பயம். நம்பிக்கையான பட்டறையில் வண்டியைக் காட்டி ஒரு எஸ்டிமேட் வாங்கி வைத்துக்கொண்டு, "இதோ, 45 ஆயிரம், இதே பட்டறையில் நீங்களே விட்டுக்கொள்ளுங்கள்" என்றால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

எஃப்சி எடுக்கிறேன் என்று வண்டியைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிடாதீர்கள். அடிப்பாகத்தில் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தால் நான் அந்த இடத்தில்தான் முதலில் ஸ்பேனரை எடுத்துத் தட்டுவேன். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். துரு தின்ற இரும்பு 'டப்' என்று அமுங்கும். ஒரு முறை கரையோர ஊர் ஒன்றில், மீன் ஏற்றின வண்டி பார்க்கப் போனேன். மேலே கண்ணாடி மாதிரி பெயிண்ட். பாடிக்குக் கீழே சேஸில் பின் பட்டை (ஸ்பிரிங் தகடு) மாட்டுகிற இடத்தில் தட்டினேன், ஸ்பேனரோடு ஒரு செதில் இரும்பு கையோடு வந்தது. ஓனர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். விலை பேசாமலேயே கிளம்பினேன். ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து வருடக்கணக்கில் ஒழுகினால் எந்தச் சேஸும் நிற்காது. கோழி ஏற்றின வண்டியும் இதே கதைதான், எச்சம் இரும்பைத் தின்றுவிடும். செங்கல், ஜல்லி ஏற்றின வண்டியில் துரு குறைவு, ஆனால் சேஸில் விரிசலும் வெல்டிங் ஒட்டும் இருக்கும். பின்னால் பட்டைகளை எண்ணிப் பாருங்கள், கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாகப் போட்டிருந்தால் அந்த வண்டி என்ன எடை சுமந்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

உங்கள் வண்டி தக்காளியும் வெங்காயமும் ஏற்றினது. நல்ல சரித்திரம்தான். அழுகின தக்காளித் தண்ணீர் மட்டும் பாடித் தரையைத் தின்றிருக்கும். மேலே போட்டிருக்கிற தகட்டைத் தூக்கிப் பார்த்து நீங்களே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன லோடு ஓடியது என்பதை வருகிறவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், விளம்பரத்திலேயே போடுங்கள். அதற்கு விலை உண்டு.

மீட்டரை யாரும் நம்ப மாட்டார்கள், நீங்களும் அதை வைத்து வாதாட வேண்டாம். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 30 ஆயிரம். பன்னிரண்டு வருடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். மீட்டரில் ஒன்றரை லட்சம் இருந்தால் வருகிறவர் மீட்டரைப் பார்க்க மாட்டார், கிளட்ச் பெடலின் ரப்பரையும் ஸ்டியரிங்கின் வழுவழுப்பையும்தான் பார்ப்பார்.

எஞ்சினுக்கு வருவோம். உங்கள் பக்கத்து 2013 வண்டி அநேகமாக பிஎஸ்-3 (பிஎஸ் என்பது புகை மாசுக்கான அரசு விதி, எண் ஏற ஏறக் கண்டிப்பு கூடும்). நாடு முழுக்க பிஎஸ்-4 வந்தது 2017 ஏப்ரலில், பிஎஸ்-6 வந்தது 2020 ஏப்ரலில். சென்னையில் மட்டும் பிஎஸ்-4 2010-லேயே வந்துவிட்டது. பிஎஸ்-3 காலத்து எஞ்சின் என்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். சென்சார், புகை வடிகட்டி என்று லேப்டாப்பை மாட்டிப் பார்க்கிற வேலை குறைவு. கிராமத்து ஓட்டத்துக்கு வாங்குகிறவர்கள் இதற்காகவே பழைய வண்டியைத் தேடுகிறார்கள். எனவே பழசு என்பதையே குறையாகப் பேச விடாதீர்கள்.

எஞ்சின் நிலையைக் காட்ட ஒரு வழிதான் உண்டு. வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும். வாங்குகிறவரைக் காலையில் வரச் சொல்லி, அவர் கையாலேயே முதல் ஸ்டார்ட் போட வையுங்கள். நான் வண்டி பார்க்கப் போனால் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் பானட்டில் உள்ளங்கையை வைப்பேன். காலை ஆறு மணிக்கு அது சூடாக இருந்தால், ஓனர் ஐந்தரைக்கே எழுந்து ஸ்டார்ட் போட்டு வைத்திருக்கிறார், குளிரில் எடுக்காத வண்டி என்று புரிந்துகொள்வேன். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, அதைக் கவிழ்த்து வாயின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். மூடி துள்ளினால், புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், பிஸ்டன் வேலை பக்கத்தில் இருக்கிறது. நீலப் புகை அடித்தால் ஆயில் குடிக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் மிதந்தால் பேச்சே மாறிவிடும். இதையெல்லாம் நீங்களே முதலில் பார்த்துவிடுங்கள். எஞ்சின் நன்றாக இருந்தால் விலையில் ஒரு ரூபாய்கூட இறங்க வேண்டியதில்லை. எஞ்சின் வேலை இருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கழிவு.

டயர் சின்ன விஷயம், ஆனால் கண்ணில் முதலில் படுகிற விஷயம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் பூ) நிறைய இருந்தாலும் ஆறேழு வருட டயர் டயரே கிடையாது. ரீட்ரேட் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டுவது) போட்டிருந்தால் ஓரத்தில் ஒட்டின கோடு தெரியும், அதைச் சொல்லிவிட்டே விற்றுவிடுங்கள்.

பேப்பர் விஷயத்தில் உங்களுக்கு நல்லதும் இருக்கிறது, ஒரு முள்ளும் இருக்கிறது. ஆர்சியில் (பதிவுச் சான்றில்) மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்று இருந்தால் பெர்மிட் தேவையில்லை, வாங்குகிறவருக்கு ஒரு தலைவலி குறைவு. ஓட்டுவதற்குச் சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். 7,500 கிலோ வரைக்கும் அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் 8 மாதம் இருப்பதும் பணம்தான். இந்த வகை வண்டிக்கு 2022-ல் அறிவித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருடத்துக்கு 16,049 ரூபாய், வரி தனி. 8 மாதம் என்றால் கிட்டத்தட்ட பத்தாயிரத்து எழுநூறு ரூபாய். பேரத்தில் இதை எடுத்துச் சொல்ல மறக்காதீர்கள்.

முள் என்ன என்றால், கடன். வண்டிக்கு லோன் போட்டிருந்தீர்களா? தவணை முடிந்து பல வருடம் ஆகியிருக்கும், ஆனால் ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் (இதைத்தான் ஹெச்பி என்பார்கள்) இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேர் கேன்சல் செய்யாமலேயே விட்டிருப்பார்கள். படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கொடுக்கிற என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும். பழைய என்ஓசி காலாவதி ஆகியிருந்தால் புதிதாக வாங்க வேண்டும், அதற்கே சில வாரம் ஓடிவிடலாம். ஹெச்பி இருக்கிற வண்டிக்கு எந்த வாங்குகிறவரும் முழுப் பணம் தர மாட்டார், நானாக இருந்தாலும் தர மாட்டேன். செலவு சொற்பம், தாமதம்தான் விலையைத் தின்னும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ், வரி, பசுமை வரி, ஹெச்பி, கட்டாத அபராதச் சலான் எல்லாவற்றையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். எப்படியும் வாங்க வருகிறவர் உங்கள் வாசலில் நின்றுகொண்டே போனில் அதைத்தான் பார்ப்பார்.

இப்போது கணக்குப் போடுவோம். எண்கள் உங்கள் ஊர் விசாரிப்பில் கொஞ்சம் மாறும், முறை மாறாது. டீக்கடை விசாரிப்பில், 10 மாத எஃப்சியும் சுமாரான டயரும் உள்ள இதே வண்டி 3 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கை மாறியது என்று தெரிய வந்ததாக வைத்துக்கொள்வோம். எஃப்சி வேலை மொத்தமாக 45 ஆயிரம், பின் டயர் இரண்டு 14 ஆயிரம், கிளட்ச் 12 ஆயிரம். கழித்தால் 2 லட்சத்து 69 ஆயிரம். ஒரே ஓனர், காய்கறி லோடு என்பதற்கு ஒரு பத்தாயிரம் சேருங்கள். 2 லட்சத்து 79 ஆயிரம். இதுதான் இன்றைய நிலையில் உங்கள் வண்டியின் நியாயமான விலை. 3 லட்சத்து 5 ஆயிரம் கேளுங்கள், 2 லட்சத்து 65 ஆயிரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

வேலையெல்லாம் செய்து விற்றால்? 71 ஆயிரம் செலவு, 3 லட்சத்து 40 ஆயிரத்தோடு அந்தப் பத்தாயிரமும் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கு விற்கலாம். கையில் நிற்பது அதே 2 லட்சத்து 79 ஆயிரம். அப்புறம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். செய்யாமல் விற்றால் காகிதத்தில்தான் அந்த 2 லட்சத்து 79 ஆயிரம். வருகிறவர் உங்கள் 71 ஆயிரம் செலவை ஒரு லட்சமாகப் பார்ப்பார். புரோக்கர் செய்ததும் அதுதான். 3 லட்சத்து 40 ஆயிரத்தில் ஒரு லட்சம் வேலைக்கு, 30 ஆயிரம் தன் லாபத்துக்கு. மிச்சம் 2 லட்சத்து 10 ஆயிரம். அவர் ஏமாற்றவில்லை தம்பி, தன் பயத்துக்கும் சேர்த்து விலை போட்டிருக்கிறார். கன்சல்டிங் (பழைய வண்டி வாங்கி விற்கிற) கடைக்குப் போனாலும் இதே மாதிரிதான் சொல்வார்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள கடை தன் லாப வித்தியாசத்துக்கு 18 சதவீத வரி வேறு கட்ட வேண்டும். அவசரப் பணத்தேவை இருந்தால் அவர்களிடம் கொடுப்பதில் தவறில்லை.

சேஸ் போயிருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அப்போது அது எஞ்சின், கியர்பாக்ஸ், கிரவுன், டயர், மிச்சம் இரும்பு என்று பிரித்துப் பார்க்கிற வண்டி. ஆர்சியில் உள்ள அன்லேடன் எடையை (லோடு இல்லாத வெறும் வண்டியின் எடை) உங்கள் ஊர் இரும்பு விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை தெரியும். காயலாங்கடையில் போட்டுவிட்டு ஆர்சியைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் விட்டுச் சான்றிதழ் வாங்கிப் பதிவை ரத்து செய்யுங்கள். அந்தச் சேஸ் நம்பர் வேறு எந்த வண்டியில் ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

காலமும் ஒரு விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் விற்க உட்கார்ந்தால் கூப்பிடுகிறவர்கள் பாதி பேர் வியாபாரிகளாகத்தான் இருப்பார்கள். சொந்த ஓட்டத்துக்கு வாங்குகிறவர் தை பிறக்கட்டும் என்று இருப்பார். ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு வேகம் வரும். உங்களால் காத்திருக்க முடிந்தால் எஃப்சியை முடித்துவிட்டு அந்த நேரத்தில் இறக்குங்கள்.

கடைசியாக, பணம் வாங்கின பிறகு. படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயரை எழுதியே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெற்றுப் படிவத்தில் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். வண்டியை ஒப்படைத்த தேதியும் மணியும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்பவர் கடமை. "பெயர் மாற்றம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரை நம்ப வேண்டாம். வண்டி கைமாறியிருந்தாலும், விபத்து என்று வந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அப்பா பெயரில் அந்தச் சுமை வேண்டாம்.

ஃபாஸ்டேக்கையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். நான் என் முதல் பிக்கப்பை விற்றபோது இதை மறந்துவிட்டேன். இரண்டு மாதம் வரை டோலுக்கு டோல் என் கணக்கில் காசு போனது. வாங்கினவர் என்ன லோடு ஓட்டுகிறார் என்று தெரியாது, ஆனால் வாரம் மூன்று தடவை கிருஷ்ணகிரி போய் வருகிறார் என்று மட்டும் எனக்கு மெசேஜ் வந்துகொண்டே இருந்தது.